செம்பனை மேட்டில் கினாபாலு ஏறுவது எப்படி?

கேள்வி: பீடோங்குக்கு வெளியே ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன், அண்ணே. வேலையிடத்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு மெய்நிகர் மலையேற்றச் சவாலில் பெயர் கொடுத்துவிட்டேன். 30 நாளில் கினாபாலு உயரம், அதாவது 4,095 மீட்டர் ஏறி முடிக்க வேண்டும். எங்கே ஏறினாலும் கணக்கில் சேரும். வீட்டுப் பின்னால் செம்பனைக்குள் ஒரு சின்ன மேடுதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஜெராய் மலைக்குப் போனால் போதுமா? கைப்பேசி ஒரு கணக்கு காட்டுகிறது, நண்பரின் கடிகாரம் வேறு கணக்கு காட்டுகிறது, எதை நம்புவது? இனிப்புநீர் உள்ள அம்மாவும் (58 வயது, முட்டி வலியும் உண்டு) சேர ஆசைப்படுகிறார். சேரலாமா?

பதில்:

தம்பி, ஜெராயைச் சற்று ஒதுக்கி வையுங்கள். 1,217 மீட்டர் மலை கண்ணெதிரே நிற்கும்போது, நான்கு ஞாயிறு ஏறினால் 4,800 ஆகிவிடுமே, கினாபாலுவையே தாண்டிவிடலாமே என்று மனசு கணக்குப் போடத்தான் செய்யும். தாளில் அது சரி. நடப்பது வேறு. முதல் ஞாயிறு உற்சாகமாக ஏறி இறங்குவீர்கள். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் ஞாயிறு மழை. மூன்றாம் ஞாயிறு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான்காம் ஞாயிறு வரும்போது 2,878 மீட்டர் பாக்கி நிற்கும். நான் பார்த்தவரை இந்த மாதிரிச் சவாலைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் பெரிய மலையை நம்பியவர்கள்தான். உங்களைக் கரை சேர்க்கப்போவது அந்தச் செம்பனை மேடு. அதை ஒருமுறை ஒழுங்காக அளந்துவிடுங்கள். அப்புறம் எத்தனை முறை ஏறினீர்கள் என்று எண்ணிக்கொண்டு போனால் போதும்.

ஒரே மேட்டைத் திரும்பத் திரும்ப ஏறிப் பெரிய மலையின் உயரத்தைச் சேர்ப்பது புதிய யோசனை இல்லை. 1994இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டோனா புவாங் என்ற மலைச்சாலையில் ஜார்ஜ் மல்லோரி என்பவர் சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதுமாக எவரெஸ்ட் உயரத்தைச் சேர்த்தார். 1924இல் எவரெஸ்டில் காணாமல் போன மல்லோரியின் பேரன் அவர், பேரும் தாத்தா பேரேதான். மறு ஆண்டே நிஜ எவரெஸ்ட் உச்சியிலும் போய் நின்றுவிட்டார். அந்தச் சைக்கிள் பயிற்சியைப் பிடித்துக்கொண்டு மெல்பர்னைச் சேர்ந்த ஆண்டி வான் பெர்கன் விதிகளை வகுத்து ‘எவரெஸ்டிங்’ என்று பரப்பினார். எந்த மேடு என்றாலும் சரி, ஆனால் ஒரே மேடாக இருக்க வேண்டும், 8,848 மீட்டர் சேரும்வரை இடையில் தூங்கக் கூடாது. 2020இல் உலகம் முழுக்க ஊரடங்கு வந்தபோது இது காட்டுத்தீயாகப் பரவியது. நம் நாட்டிலும் அந்த மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வாசலைத் தாண்ட முடியாமல் மாடிப்படியை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

உங்கள் சவால் அந்த அளவுக்குக் கொடுமை இல்லை. ஒரு மாதம் இருக்கிறது, தூங்கலாம். ஆனாலும் எவரெஸ்டிங்கில் ஒரு நல்ல விஷயம் உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மேடு என்றால் சரிபார்ப்பது சுலபம். மேட்டின் உயரம் பெருக்கல் ஏறிய தடவை, அவ்வளவுதான்.

உங்கள் மேடு 24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்துக் குன்றுகளில் இது சாதாரணம். 4,095ஐ 24ஆல் வகுத்தால் 171 தடவை வரும். வாரத்துக்கு நான்கு நாள் என்றால் மாதத்தில் பதினேழு நாள் கிடைக்கும், நாளுக்குப் பத்துத் தடவை. சரிவு நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் உயர்கிறது என்றால், ஒருமுறை ஏற 160 மீட்டர் நடை, இறங்க இன்னொரு 160. பத்துத் தடவைக்கு 3.2 கிலோமீட்டர். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன ஒரு கணக்கை மலையேறுகிறவர்கள் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். அதில் போட்டால் உங்கள் பத்துத் தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வேலைக்குப் போகும் முன் முடித்துவிட்டுப் பசியாறலாம்.

இப்போது அளக்கும் விஷயம். இதில் கொஞ்சம் விரிவாகவே போகிறேன், ஏனென்றால் உங்கள் குழுவின் சண்டையெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கும். சின்ன வயதில் நில அளவைக்காரர் ஒருவருக்குக் கோல் பிடித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிந்தவன் நான். அங்கே கற்றுக்கொண்ட எளிய வழி இது, எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். மேட்டின் அடியில் நேராக நில்லுங்கள். காலணியோடு உங்கள் கண்ணிலிருந்து தரைவரை எவ்வளவு என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, குமிழி நடுவில் நிற்கும்படி மட்டமாக எதிரே பாருங்கள். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியும் போதும். அந்தப் பார்வை மேட்டில் எங்கே போய் முட்டுகிறதோ, அங்கே ஒரு கல்லோ காய்ந்த மட்டையோ கிடக்கும், அதைக் குறிவைத்துக்கொண்டு போய் அதன்மேல் நில்லுங்கள். சற்றுமுன் உங்கள் கண் இருந்த உயரத்தில் இப்போது உங்கள் பாதம் இருக்கிறது. அங்கிருந்து மறுபடியும் பாருங்கள், மறுபடியும் போய் நில்லுங்கள். உச்சிக்குப் போக 16 பார்வை ஆனதென்றால் 16 பெருக்கல் 1.5, 24 மீட்டர்.

ஒரு எச்சரிக்கை. ரசமட்டம் ஒரு பாகை சாய்ந்திருந்தால் பத்து மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர் பிசகும். பதினாறு பார்வையிலும் அதே பக்கம் பிசகினால் மூன்று மீட்டர் வரை போய்விடும், 171 தடவைக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் முதல் சுற்று முடிந்ததும் ரசமட்டத்தை முன்பின் மாற்றிப் பிடித்து இரண்டாம் சுற்று அளந்து, இரண்டுக்கும் நடுவே உள்ளதை எடுங்கள். முடிந்தால் குழுவில் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த எண்ணை உங்கள் புலனக் குழுவில் போட்டு எல்லோருடைய ஒப்புதலையும் வாங்கிவிட்டால் மாதக் கடைசியில் வாக்குவாதம் வராது.

படி என்றால் இன்னும் சுலபம். ஒரு படியின் உயரத்தை டேப்பால் அளந்து எண்ணிக்கையால் பெருக்க வேண்டியதுதான். பத்துமலையில் 272 படி. படிக்கு 17 சென்டிமீட்டர் என்று வைத்தால் 46 மீட்டர் வருகிறது. பக்கத்தில் நிற்கும் முருகன் சிலை 42.7 மீட்டர், ஆகவே கணக்கு ஒத்துப்போகிறது. பத்துமலைப் படியிலேயே கினாபாலு ஏறுவதென்றால் 89 தடவை. பினாங்கு தண்ணீர்மலையில் 513 படி. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் கும்பிட்ட கையோடு கணக்கிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

சரி, கைப்பேசியும் கடிகாரமும் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை? இரண்டும் உயரத்தை வேறு வேறு விதத்தில் பார்க்கின்றன. உங்கள் கைப்பேசியில் காற்றழுத்தமானி இல்லையென்றால் அது ஜிபிஎஸ்ஸை நம்பும். ஜிபிஎஸ் தரையில் நீங்கள் நிற்கும் இடத்தை நன்றாகச் சொல்லும், உயரம் சொல்வதில் எப்போதும் ஒரு படி மட்டம்தான். அதிலும் செம்பனை ஓலைக்குக் கீழே சமிக்ஞை சிதறும். நீங்கள் ஒரே இடத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாலும் உயரம் நாலு மீட்டர் ஏறி, ஐந்து மீட்டர் இறங்கி, மறுபடியும் ஏறும். அத்தனை ஏற்றத்தையும் செயலி கூட்டிக்கொண்டே போனால் உட்கார்ந்தபடியே மலை ஏறிவிடுவீர்கள்.

சில செயலிகள் இதைச் சரிசெய்ய, நீங்கள் நடந்த பாதையை மட்டும் வைத்துக்கொண்டு உயரத்தை வரைபடத்திலிருந்து எடுக்கின்றன. நல்ல யோசனைதான், ஆனால் தோட்டத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் உலக உயர வரைபடங்களில் பலவற்றுக்கு மூலம் 2000 பிப்ரவரியில் எண்டேவர் விண்ணோடம் மேலிருந்து ரேடாரால் எடுத்த அளவு. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த ரேடார் அடர்ந்த மரம் உள்ள இடத்தில் தரைவரை இறங்காமல் மரத்தின் தலைப்பக்கமே நின்றுவிட்டது. அன்றைக்கு முற்றிய செம்பனை நின்ற இடம் வரைபடத்தில் சில மீட்டர் உயர்ந்து பதிவாகிவிட்டது. பக்கத்துத் தொகுதியில் அப்போதுதான் மறுநடவு செய்திருந்தால் அங்கே தரை தரையாகவே பதிவானது. செம்பனையை 25 ஆண்டு வாக்கில் வெட்டி மறுநடவு செய்துவிடுகிறார்கள், இன்றைக்கு நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். நீங்கள் சமமான செம்மண் சாலையில் ஒரு தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு நடந்தால், செயலி அங்கே ஒரு மேட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும். அந்த மேடு இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய மரத்தின் உயரம்.

நண்பரின் கடிகாரத்தில் காற்றழுத்தமானி இருக்கும். உயரம் ஏற ஏற அழுத்தம் குறையும், நம் ஊர் வெப்பத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) சுமார் எட்டரை மீட்டர். ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கும் மேட்டுக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். நேரம் நீண்டால்தான் தொல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை கடல் அலை போலப் பொங்கி வடியும். காலை 10, 11 மணி வாக்கில் உச்சம், மாலை 4, 5 மணி வாக்கில் அடிமட்டம், இடையே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வித்தியாசம். ஆக, காலையில் மேசைமேல் வைத்த கடிகாரம் மாலைக்குள் 25 மீட்டர் உயர்ந்ததாக நினைத்துக்கொள்ளும். உங்கள் மேடு முழுவதையும் அது படுத்தபடியே ஏறிவிட்டது! மதிய இடிமழைக்கு முன்னும் பின்னும் இந்தத் தள்ளாட்டம் இன்னும் கூடும். அதோடு வியர்வை உப்பு கடிகாரத்தின் பக்கவாட்டுத் துளையை அடைத்துக்கொண்டால் உயரம் தாறுமாறாகப் போகும். நடந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

மாடிக்கணக்கு காட்டும் கருவிகளில் ஒரு மாடி என்பது பெரும்பாலும் 3 மீட்டர், அதாவது பத்தடி. நிறுத்தி நிறுத்தி ஏறினால் சில மாடிகள் விட்டுப்போகும். அதை நம்பிப் பதக்கம் கேட்பது வீண்.

ஆகவே என் யோசனை: கடிகாரத்தை ஓட விடுங்கள், ஏற்பாட்டாளர் பதிவு கேட்பார். குழுவுக்குள் கணக்கு மட்டும் அளந்த மேடு பெருக்கல் தடவை. எண்ணுவதற்குப் பெரிய வித்தை வேண்டாம். மேட்டடியில் பத்துக் கூழாங்கல் வைத்து, ஏற ஏற ஒவ்வொன்றாக உச்சியில் கொண்டுபோய்ப் போடுங்கள். ஏற்பாட்டாளரின் விதியையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். மலையின் பெயரை வைத்துக்கொண்டு உயரத்தைக் கேட்காமல் வெறும் கிலோமீட்டரை எண்ணும் சவால்களும் உண்டு. அப்படியென்றால் சமதரையில் நடந்தே முடித்துவிடலாம், மேட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறியை ஏற்றுக்கொள்கிறார்களா என்பதையும் பாருங்கள். 10 விழுக்காடு சாய்வில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 100 மீட்டர் ஏற்றம், மழைநாளுக்கு உதவும்.

அடுத்தது உடம்பு. எல்லோரும் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். காலைப் பிடிப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அதில்தான் நார்கள் நொய்ந்துபோகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி, ஒருமுறை பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. அதனால் முதல் வாரம் பத்துத் தடவை வேண்டாம், நாலு ஐந்து போதும். இரண்டாம் வாரம் எட்டு. மூன்றாம், நான்காம் வாரங்களில் பன்னிரண்டு, பதினான்கு என்று ஈடுகட்டிவிடலாம். இறங்கும்போது குறுகிய அடி, முட்டி லேசாக மடிந்திருக்கட்டும், ஓடாதீர்கள். செம்மண் மேல் மழை பெய்தால் சவர்க்காரம் மாதிரிதான், அன்றைக்குப் படிக்குப் போய்விடுங்கள். தசை வலி என்பது வேறு, சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போவது வேறு. பின்னது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 70 கிலோ ஆள் 4,095 மீட்டர் உயரத்தைத் தூக்க உடம்பு செலவழிப்பது சுமார் 2,700 கிலோகலோரி. மாதம் முழுக்க! ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. உங்கள் ஒரு நாள் பங்குக்கு அரை ரொட்டி வரும், நடைத் தூரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஏறி முடித்த மகிழ்ச்சியில் தினமும் ரெண்டு ரொட்டி, ஒரு தே தாரிக் என்று போனால் மாதக் கடைசியில் மேடும் இருக்கும், தொப்பையும் இருக்கும். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்பும் வேண்டும்.

தோட்டத்து விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் உங்களோடு பட்டணத்திலிருந்து நண்பர்கள் வருவார்கள் என்பதால் சொல்கிறேன். அது தனியார் நிலம். மேனேஜரிடம் கேட்டு, ஜாகாவிடம் சொல்லி, என்ன நேரம் எந்த மேடு என்று தெரிவித்துவிட்டுப் போங்கள். பழம் திருடுகிறவர்கள் வருவது இருட்டில்தான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஐந்து பேர் செம்பனைக்குள் மேலும் கீழும் போனால் யாருக்கும் சந்தேகம் வரும். எந்தத் தொகுதியில் பழம் வெட்டு, எங்கே மருந்தடிப்பு என்று மண்டோரைக் கேட்டால் சொல்லிவிடுவார். வெட்டும் இடத்துக்குக் கிட்டவே போகாதீர்கள். குலை ஒன்று இருபது கிலோவுக்கு விழும், மட்டையின் முள் காலணியைத் துளைக்கும். எலிக்காக நாகம் வரும், அதனால் மட்டைக் குவியலை மிதித்துக் குறுக்கே போகாமல் சாலையிலேயே ஏறுங்கள். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டாம், எலிக்காய்ச்சல் இருக்கிறது.

தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததால் நமக்கு ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது. வெளுத்த பிறகே தொடங்குங்கள். மாலையில் ஏறுவதென்றால் இடியைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நம் ஊரில் கடுமை. முதல் முழக்கம் கேட்டதும் இறங்கி வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி முழக்கம் நின்று அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு விடுமுறை.

ஜெராயை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், கால் பழகியபின், ஒருமுறை போய் வாருங்கள். காட்டுப்பாதை என்றால் வன இலாகாவிடம் அனுமதியும் வழிகாட்டி வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குரூண் பக்கத்திலிருந்து தார்ச்சாலையும் மேலே போகிறது. மேல்மலையில் மழை கொட்டும்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2021 ஆகஸ்டில் யான் என்ற ஊர்ப் பக்கம் மலையிலிருந்து திடீரென்று வெள்ளம் மரமும் பாறையுமாக இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. அருவிக்கரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பதை மழைநாளில் தவிருங்கள். அந்தப் பக்கம் இறங்கினால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளையும் (பழங்காலக் கோயில்களின் எச்சங்கள்) பார்த்துவிட்டு வாருங்கள். நம் ஆட்கள் கடாரம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், சுங்கை பட்டாணியில் இருந்துகொண்டு அங்கே எட்டிப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 4,095 மீட்டர் முடித்தால் நிஜ கினாபாலுவுக்குத் தயாரா என்று யாராவது கேட்டால், காலுக்கு ஆம், நுரையீரலுக்கு இல்லை. அங்கே திம்போஹோன் வாசலே 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 2,229 மீட்டர்தான் ஏற வேண்டும், மாதக் கணக்கில் நீங்கள் அதைவிடக் கூடவே ஏறியிருப்பீர்கள். ஆனால் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடு. தலைவலி, குமட்டல் எல்லாம் அதனால் வருவது, செம்பனை மேட்டில் எத்தனை முறை ஏறினாலும் அந்தப் பழக்கம் வராது. மலேசியாவிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட எம். மகேந்திரனும் என். மோகனதாசும் 1997 மே 23இல் நின்ற இடத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயரும் தெரிவதில்லை. உங்கள் குழுவுக்குப் பெயர் வைக்க ஆங்கிலத்தில் எதையோ தேடுவதற்கு இவர்கள் பெயரை வைக்கலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சேரலாம், ஆனால் முதலில் கிளினிக்கில் காட்டி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. நெஞ்சு, கண், பாதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மருந்து என்பது முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடக்கும்போது சர்க்கரை திடுமென இறங்குவது அரிது. கிளிக்ளசைடோ இன்சுலினோ இருந்தால் இறங்கலாம். இன்சுலின் போடுகிறவர் என்றால் கிளம்பும் முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள், 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத்தான் நடை. சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் மேடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, உடனே வாயில் போட வேண்டும். சிலிப்பர் கூடவே கூடாது. முழுக் காலணி, வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள், அவருக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

முட்டி வலிக்கு ஒரு வழி: ஏறுவது அம்மா, இறங்குவது மோட்டாரில். ஏற்றம்தானே கணக்கு. இதில் ஒரு சுவாரசியம். ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரிய மருத்துவர்கள் சிலரை இரண்டு மாதம் நடந்து ஏறவும் கேபிள் காரில் இறங்கவும் வைத்தார்கள், பிறகு இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்க வைத்தார்கள். கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. சர்க்கரையை உடம்பு கையாளும் திறன் இறங்கியபோதுதான் நன்றாகத் தேறியது. ஆகவே இறக்கத்தை அம்மாவுக்கு முழுக்கத் தடை போட வேண்டாம். முட்டி இடம் கொடுத்தால் மூன்றாம் வாரம், மேட்டின் கடைசி மென்சரிவை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கட்டும்.

அவருக்கு 4,095 வேண்டாம், தனி இலக்கு வையுங்கள். பினாங்கின் கொடிமலை 833 மீட்டர், உங்கள் மேட்டில் 35 தடவை. நாளுக்கு ஒன்று, உடம்பு ஒத்துழைக்கும் சில நாள் இரண்டு என்று முப்பது நாளில் முடிந்துவிடும். கொடிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரயிலில்தான் இறங்குகிறார்கள். அம்மா மோட்டாரில் இறங்குவதை யார் குறை சொல்லப்போகிறார்கள்?